பூச்சு முடியும் இடம்

மதிப்புரை என்ற சொல்லின்மேல் இலக்கிய வாசகர்களுக்குப் பழைய பாத்தியதை ஒன்று உண்டு. ஒரு நூலை முழுதும் படித்தவர், இன்னும் படிக்காதவருக்குச் சொல்லும் பொறுப்பான வார்த்தை என்ற பொருளிலேயே நாம் அதைக் கையாண்டு வந்திருக்கிறோம். இன்று அதே சொல் கைப்பேசிக்கும் காலணிக்கும் காய் நறுக்கும் கத்திக்கும் சேர்த்து வழங்குகிறது. அதில் நமக்குப் புகார் இல்லை. கத்தியும் மதிப்பிடத்தக்க பொருள்தான்; நல்ல கத்தி ஒன்றைச் செய்வதற்கு வேண்டிய அறிவு, நல்ல சிறுகதைக்கு வேண்டியதைவிட எவ்விதத்திலும் குறைந்ததன்று. ஆனால் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு நூலைப் பற்றி எழுதுகிறவரை நாம் விமர்சகர் என்று ஏற்பதில்லை. கத்தியின் மேற்பூச்சைத் தடவிப் பார்த்துவிட்டு இணையத்தில் தீர்ப்புச் சொல்கிறவரை மட்டும் நிபுணர் என்று ஏற்றுக்கொள்கிறோம். அவர் காட்டிய சுட்டியைச் சொடுக்கி ஆயிரக்கணக்கில் பணத்தையும் செலுத்திவிடுகிறோம். இந்த இரட்டை அளவுகோலை எதிர்த்தே இக்கட்டுரை.

மேற்பூச்சை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கத்தியைப் பற்றிய பேச்சில் குழப்பம் மலிந்து கிடக்கும் பகுதி அது. 'கறுப்புப் பூச்சு இருக்கிறது, ஆகவே துருப்பிடிக்காது' என்கிறார் ஒருவர். 'டைட்டானியம் பூசியது, ஆகவே நெடுநாள் மழுங்காது' என்கிறார் இன்னொருவர். 'எவர்சில்வர்தான், கவலையே வேண்டாம்' என்கிறார் மூன்றாமவர். மூன்றும் உறுதியான குரலில், நல்ல வெளிச்சத்தில், அழகான பின்னணியில் சொல்லப்படுகின்றன. முதல் கூற்று பாதி உண்மை. இரண்டாவது, சமையலறைக் கத்தியைப் பொறுத்தவரை, ஏறக்குறையப் பொய். மூன்றாவது, ஒரு பெயர் உண்டாக்கிய மயக்கம்.

பூச்சு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, வழித்துணைப் பூச்சு. ஜப்பானியக் கரிம எஃகுக் கத்திகள் சிலவற்றின்மேல் நிறமற்ற வார்னிஷ் படலம் ஒன்றைத் தடவி அனுப்புகிறார்கள். பட்டறையிலிருந்து கடைக்கும், கடையின் அலமாரியிலிருந்து வாங்குபவரின் வீட்டுக்கும் துருப்பிடிக்காமல் போய்ச் சேர வேண்டும் என்பதே அதன் வேலை. வீடு சேர்ந்தவுடன் அதைக் கரைப்பானால் துடைத்து அகற்றிவிட்டுத்தான் கத்தியைப் புழங்க வேண்டும். கரிம எஃகு வாணலிகளின் மேல் வரும் மெழுகும் எண்ணெயும் இந்த வகையே. இதை அறியாதவர் அதை நிரந்தரக் கவசம் என்று புகழ்வார். சில வாரத்தில் படலம் திட்டுத்திட்டாக உரிந்து, உரிந்த இடத்தில் கறை ஏறியதும், கத்தி மட்டம் என்று இகழ்வார். புகழ்ச்சி, இகழ்ச்சி இரண்டுக்குமே கத்தி பொறுப்பில்லை.

இரண்டாவது, சாயப் பூச்சு. எபாக்சிப் பொடியைச் சூட்டில் உருக்கிப் படியவைப்பதும், செராகோட் போன்ற பீங்கான் கலந்த பாலிமர்ப் பூச்சுகளும் இதில் அடங்கும். குரோமியம் ஏறக்குறைய இல்லாத 1095 வகை எஃகில் செய்த காட்டுக் கத்திகளுக்கு இது உண்மையான பாதுகாப்பு. ஈரத்துக்கும் இரும்புக்கும் இடையே ஒரு சுவர் எழுப்புகிறது. சுவரில் கீறல் விழுந்த இடத்தில் பாதுகாப்பும் போய்விடுகிறது.

மூன்றாவது வகையில் வெளியிலிருந்து பூசும் பொருள் ஏதும் கனமாக ஏறுவதில்லை. இரும்பின் மேல்தோலே வேதிவினையால் வேறாக மாற்றப்படுகிறது. கறுப்பு ஆக்சைடு முறையில் அது மேக்னடைட் என்னும் கரிய ஆக்சைடாகிறது. பாஸ்பேட் முறையில் சாம்பல் நிறப் படிகத் தோலாகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் படைவீரர் இடுப்பில் தொங்கிய கே-பார் கத்தியின் அலகு இப்படித்தான் மங்கலாக்கப்பட்டது. வெயிலில் பளபளத்து இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அதன் பயன்களில் முக்கியமானது. இத்தோல் நுண்துளைகள் கொண்டது. துருவைத் தடுப்பது பெரும்பாலும் அத்துளைகள் பிடித்துவைத்திருக்கும் எண்ணெய். எண்ணெய் போட மறந்தவருக்குக் கறுப்பு நிறம் மட்டுமே மிஞ்சும்.

நான்காவதே இன்றைய நட்சத்திரம். வெற்றிட அறைக்குள் அலகைத் தொங்கவிட்டு, அதன்மேல் உலோக ஆவியை அணு அணுவாகப் படியவைக்கும் முறை. பொன்னிறமாக இருந்தால் பெரும்பாலும் டைட்டானியம் நைட்ரைடு; கருமையாக இருந்தால் வைரத்தை ஒத்த அமைப்புடைய கார்பனாக இருக்கலாம். இவற்றின் கடினத்தன்மையில் மிகையில்லை. நன்கு பதப்படுத்திய கத்தி எஃகு ராக்வெல் சி அளவில் 60 என்றால், விக்கர்ஸ் அளவில் அது சுமார் 700. டைட்டானியம் நைட்ரைடு 2000-ஐத் தாண்டும். மதிப்புரையாளர்கள் இந்த எண்ணைச் சொல்லத் தவறுவதில்லை. இதன் தடிமனைச் சொல்வோர் அரிது. சாதாரணமாக அது 1 முதல் 5 மைக்ரான் வரை. மனிதத் தலைமுடியின் குறுக்களவு சுமார் 70 மைக்ரான்.

இந்த இடத்தில்தான் எளிய கணக்கு ஒன்றைப் போட வேண்டும். நன்றாகத் தீட்டிய கத்தியின் விளிம்பு, உருப்பெருக்கியில் பார்த்தால், அரை மைக்ரான் அல்லது அதற்கும் குறைந்த ஆரமுள்ள ஒரு வளைவு. அதன்மேல் 3 மைக்ரான் பூச்சை ஏற்றினால் என்ன ஆகும்? கூர்மையைவிடப் பூச்சு பருமனாகிவிடும். கத்தி மழுங்கிப் பிறக்கும். ஆகவே கத்தி செய்கிறவர்கள் வழக்கமாக முதலில் பூசிவிட்டு, பிறகு விளிம்பைத் தீட்டுகிறார்கள். தீட்டும்போது விளிம்பிலிருக்கும் பூச்சு போய்விடுகிறது. கடையில் கறுப்புக் கத்தியை எடுத்துப் பார்த்தால், விளிம்பை ஒட்டி வெள்ளிக் கோடு ஒன்று ஓடுவதைக் காணலாம். அங்கே பூச்சு முடிகிறது, கத்தி தொடங்குகிறது. வெங்காயத்தைத் தொடுவதும், பலகையில் மோதுவதும், மழுங்குவதும், முதலில் துருவேறுவதும் அந்த வெற்று எஃகுதான். தொழிற்சாலையில் அந்தக் கோட்டையும் மறைத்துப் பூசியிருந்தாலும், முதல் சாணையில் அது வெளிப்பட்டே தீரும்.

அப்படியானால் 'டைட்டானியம் பூசியது மழுங்காது' என்ற கூற்று எங்கிருந்து வந்தது? ஆலைத் தொழிலிலிருந்து கடன் வாங்கப்பட்டது. உலோகத்தைத் துளையிடும் துரப்பணங்களும் பற்சக்கரம் வெட்டும் கருவிகளும் பல பத்தாண்டுகளாக இப்பூச்சுடன்தான் உழைக்கின்றன. அவற்றின் ஆயுள் அதனால் பெரிதும் நீண்டதும் உண்மை. ஆனால் அக்கருவிகளைத் தீட்டி முடித்த பின்பே பூசுகிறார்கள், வெட்டும் விளிம்பையும் சேர்த்து. அந்த விளிம்பின் கோணம் மிக அகலமானது. சில மைக்ரான் பருமன் அங்கே பொருட்டில்லை. வெட்டப்படும் சுருள் உராய்ந்து செல்லும் முகப்புதான் அங்கே தேய்கிறது, அந்த முகப்பைப் பூச்சு காக்கிறது. தக்காளியை நறுக்கும் மெல்லிய அலகில் இந்த நிலைமைகளில் ஒன்றுகூட இல்லை. ஆலையில் பெற்ற நற்சான்றைச் சமையலறையில் நீட்டுவது, குதிரைப் பந்தயத்தில் வாங்கிய கோப்பையைக் காட்டி மாட்டை விற்பது போன்றது.

விதிவிலக்கையும் சொல்லிவிடுவதே நேர்மை. விளிம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் கடினப் பூச்சை விட்டுவைத்து, மறுபக்கத்தை மட்டும் தீட்டினால், மெதுவான எஃகு முன்னதாகத் தேய, கடினப் படலம் சற்றே துருத்தி நின்று தன்னைத்தானே கூராக வைத்துக்கொள்ளும். ஆலைக் கத்திகளில் இந்த உத்தி உண்டு. கத்தி இப்படிச் செய்யப்பட்டதா என்று மதிப்புரையாளர் சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லவில்லையென்றால் அவருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை என்று பொருள். எத்தனை டிகிரி வெப்பத்தில் பூசினார்கள் என்பது அவர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி. எளிய கரிம எஃகு அலகை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் அளவில் பதம் தணிக்கிறார்கள். அதைவிட மிகுந்த சூட்டில் பூச்சேற்றினால் அடியிலிருக்கும் எஃகின் பதம் இறங்கிவிடும். மேலே 2000 விக்கர்ஸ், கீழே இளகிய இரும்பு. களிமண்ணின்மேல் முட்டையோட்டைப் பரப்பியதுபோல, அழுத்தினால் ஓடு நொறுங்கும்.

இனி எவர்சில்வர். தமிழில் இதைவிட ஏமாற்றும் வணிகப் பெயர் குறைவு. என்றென்றும் வெள்ளி என்ற வாக்குறுதியைப் பெயரிலேயே சுமந்து வந்து, எல்லாத் துருப்பிடிக்கா எஃகையும் ஒன்றாக்கிவிட்டது. 'தட்டு துருப்பிடிக்கவில்லை, டம்ளர் துருப்பிடிக்கவில்லை, கத்தியில் மட்டும் ஏன் புள்ளி விழுகிறது?' என்ற கேள்விக்கு இந்தப் பெயரே மூலகாரணம். பாத்திரத்துக்கு வழங்கும் எஃகில் பெயர்பெற்ற 304 வகையில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு; கார்பன் மிகமிகக் குறைவு. அதை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய பதம் ஏறாது. கத்திக்குப் பதம் வேண்டுமானால் கார்பன் வேண்டும். கார்பன் கூடினால் அது குரோமியத்தின் ஒரு பங்கைத் தன்னோடு பிணைத்து கார்பைடுத் துகள்களாக்கிவிடும். பிணைந்த குரோமியம் துருவைத் தடுக்க வராது. கூருக்கும் துரு எதிர்ப்புக்கும் இடையிலான இந்தப் பேரம்தான் கத்தி எஃகின் வரலாறு முழுவதும்.

1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி ப்ரியர்லி தம் குரோம் எஃகை உருக்கியபோதே இப்பேரம் தொடங்கிவிட்டது. துப்பாக்கிக் குழல்கள் அரிக்கப்படுவதைத் தடுக்க வழி தேடியவர் அவர். இது கத்திக்கு ஏற்றது என்று அவர் சொன்னபோது, பழைய முறையில் அதைக் காய்ச்சி அடித்துப் பார்த்த ஊர்க் கத்திக்காரர்கள், வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்தனர். எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தி ஆலை மேலாளர்தான் வினிகரை ஊற்றிச் சோதித்து, கறை படியாததைக் கண்டு, 'ஸ்டெயின்லெஸ்' என்ற பெயரை முன்வைத்தார். அவரும் உடனே வெற்றி காணவில்லை. காய்ச்சும் வெப்பம் பிடிபடும்வரை மீண்டும் மீண்டும் செய்து பார்த்தார். பொருளைக் கையில் எடுத்து, அடித்து, தோற்று, மறுபடி அடித்தபின் பேசியவர் அவர்.

குரோமிய எண்ணும் பூச்சுபோல ஒரு மேலோட்டமான விஷயம் ஆகிவிட்டது. டி2 என்னும் கருவி எஃகில் சுமார் 12 விழுக்காடு குரோமியம் உண்டு. துருப்பிடிக்கா எஃகுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 10.5 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. ஆயினும் அது துருப்பிடிக்கிறது, குரோமியத்தில் பெரும்பகுதி கார்பைடுகளில் சிறைப்பட்டிருப்பதால். 2021-இல் வெளிவந்த மேக்னாகட் எஃகில் இருப்பது சுமார் 10.7 விழுக்காடுதான்; ஆனால் அதில் குரோமியக் கார்பைடே உருவாகாதபடி கலவை திட்டமிடப்பட்டதால், டி2-வைவிட அது துருவை எவ்வளவோ மேலாகத் தாங்குகிறது. இதை வடிவமைத்த லாரின் தாமஸ் உலோகவியலாளர்; பல எஃகுகளை ஒரே கோணத்தில் தீட்டி, ஒரே இயந்திரத்தில் சோதித்து, முடிவுகளை முறையோடு சேர்த்து வெளியிட்டவர். அவர் முடிவுகளிலிருந்து தெளிவாகும் ஒன்று: எஃகின் பெயரைவிட விளிம்பின் கோணம் கூரின் ஆயுளைப் பெரிதும் மாற்றக்கூடியது. இணைய மதிப்புரைகளில் எஃகின் பெயர் தலைப்பில் கொட்டை எழுத்தில் நிற்கும். கோணத்தைத் தேடினால் கிடைக்காது.

ஒரு கத்தி மதிப்புரை வழக்கமாக எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பெட்டி திறக்கப்படுகிறது. அலகின் மினுக்கமும் கைப்பிடியின் மரமும் வருணிக்கப்படுகின்றன. தாள் ஒன்று கிழிக்கப்படுகிறது, தக்காளி ஒன்று கண்ணாடிபோல் அரியப்படுகிறது. ஐந்து நட்சத்திரம். இதில் சோதிக்கப்பட்டது என்ன? அன்று ஆலையில் அந்தக் கத்தியைத் தீட்டியவரின் கைத்திறன் மட்டுமே. பத்து ரூபாய்ச் சவர பிளேடும் தக்காளியை அப்படித்தான் அரியும். துரு எதிர்ப்பைச் சொல்ல மாதங்கள் வேண்டும். கூர் நீடிப்பைச் சொல்ல, தாமே ஒரு கோணத்தில் தீட்டி, அதே கோணத்தில் இன்னொன்றைத் தீட்டி ஒப்பிட வேண்டும். அப்படிச் சோதிக்க ஐஎஸ்ஓ 8442-5 என்ற சர்வதேச நியமமே இருக்கிறது. சிலிக்கா கலந்த அட்டைத்தாளைக் கத்தி எத்தனை ஆழம் வெட்டுகிறது என்று இயந்திரம் அளக்கும். வீட்டில் இயந்திரம் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அளக்காததை அளந்ததுபோல் பேச வேண்டாம் என்கிறோம்.

கடினம், தேய்வைத் தாங்குதல், உடையாமை, துருவைத் தாங்குதல் ஆகிய நான்கும் தனித்தனிக் குணங்கள். ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் இன்னொன்று குறையும். இணையத்தில் இவை நான்கும் 'ஸ்ட்ராங்' என்ற ஒரே சொல்லில் கரைந்துவிடுகின்றன. சொல் கரைந்த இடத்தில் சிந்தனையும் கரைந்துவிடும் என்பதை இலக்கிய வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

மேற்பரப்பை நம்பவைக்கும் வித்தையின் உச்சம் டமாஸ்கஸ் என்ற பெயரில் நடக்கிறது. இரண்டு எஃகுகளை அடுக்கடுக்காகப் பற்றவைத்து அடித்தால் அலகில் அலைபோன்ற கோலம் விழும், அது உழைப்பு. சாதாரண எஃகின்மேல் லேசர்க் கதிரால் அதே கோலத்தைக் கீறிவிட்டு அதே பெயரில் விற்பது மோசடி. தீட்டித் தேய்த்தால் பின்னதின் கோலம் அழிந்துவிடும். முன்னதை அமிலத்தில் தோய்த்தால் கோலம் திரும்ப எழும். தேய்த்துப் பார்க்காத மதிப்புரையாளர் இரண்டையும் ஒரே வியப்போடு காட்டுகிறார்.

அந்தக் கோலத்தின் பழைய மூலங்களில் ஒன்று தென்னிந்திய மூசை எஃகு என்பதால், இங்கே ஒரு முன்னுதாரணத்தை நினைவூட்டலாம். ஊட்ஸ் என்று ஐரோப்பியர் அழைத்த அந்த எஃகு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனை எட்டியது. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வணிகர் அதில் கருவிகள் செய்து விற்றார். இன்றைய பேச்சில் சொன்னால், அவர் கூற்றில் ஆதாய முரண் இருந்தது. ஆனால் அவர் மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து எஃகுக் கலவைகளைப் பற்றிய சோதனைகளைச் செய்து 1820-இல் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே ஃபாரடே ஊட்ஸைப் பகுத்தாய்ந்து எழுதியிருந்தார். அந்த எஃகின் சிறப்புக்கு அலுமினாவும் சிலிக்காவும் காரணம் என்று அவர் கருதியது தவறு. பிரான்ஸில் ப்ரேயான் அதே பத்தாண்டிலேயே கார்பனே காரணம் என்ற முடிவுக்கு வந்தார். ஃபாரடேயின் தவற்றால் யாருக்கும் கேடு விளையவில்லை. என்ன எடுத்தேன், என்ன செய்தேன், என்ன கண்டேன் என்று அவர் எழுதிவைத்திருந்ததால், அடுத்தவர் அதைச் சோதித்து மறுக்க முடிந்தது. மறுக்க வழி விட்டிருப்பதே ஆய்வுக்கும் ஆரவாரத்துக்கும் உள்ள வேறுபாடு. இன்றைய மதிப்புரையில் மறுப்பதற்கே ஒன்றும் கிடைப்பதில்லை. 'செம கத்தி' என்பதை எப்படி மறுப்பது?

பணத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். கத்தி இலவசமாக வருகிறது. சுட்டி வழியே விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு கிடைக்கிறது. சட்டங்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. இந்தியாவில் 2022-இல் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற நியமம் வந்தது. அமெரிக்க வணிக ஆணையம் 2024-இல் போலி மதிப்புரைகளைத் தடைசெய்து விதி இயற்றியது. நல்லவைதாம். ஆயினும் இவை பொய்யரையும் கூலி வாங்கியதை மறைத்தவரையும் பிடிக்கும். பொய் சொல்லாத அறியாமையைப் பிடிக்கா. 'இக்கத்தி எனக்கு இலவசமாக வந்தது' என்று திரையின் ஓரத்தில் எழுதிவிட்டவர் சட்டப்படி சுத்தமானவர். பூச்சு விளிம்பைக் காக்கும் என்று அதே திரையில் அவர் சொல்வது யாரையும் உறுத்துவதில்லை. நம் அனுபவத்தில் வாங்கப்பட்ட வாய்களைவிட வாங்கப்படாத உற்சாகிகளே அதிகக் குழப்பத்தை விதைக்கிறார்கள். விற்பனைக் குறிப்பில் இருந்ததைத் தம் கண்டுபிடிப்பாகவே நம்பி ஒப்பிக்கிறவரிடம் களவு இல்லை; ஆகவே அவர் முகத்தில் அதன் நிழலும் இல்லை; ஆகவே நாம் நம்பிவிடுகிறோம்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்புகள் இரண்டு. 'அந்தக் காலத்து இரும்புக் கத்தியே போதும், இந்தப் பூச்சும் வேண்டாம், ஆராய்ச்சியும் வேண்டாம்' என்பது ஒன்று. இரும்பு அரிவாள்மணையில் வாழைக்காய் அரிந்தவர்கள், துவர்ப்பு பட்டு அலகும் காயும் கறுத்ததை அறிவார்கள். அரிந்ததும் தண்ணீரில் போட்டதும், அலகைத் துடைத்து எண்ணெய் தடவியதும் அதனால்தான். அது உயர்ந்த உலோகமாக இருந்ததால் பிழைக்கவில்லை; அன்றாடம் துடைக்க ஒரு கை இருந்ததால் பிழைத்தது. அந்தக் கை பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கை. அவ்வுழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் பழமையைப் புகழ்வதும் ஒரு மேற்பூச்சே.

பழமையிடம் கற்க வேண்டியது வேறொன்று. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய காலத்தில் அந்தப் பூச்சு எதற்கு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்: புளி பட்டுக் களிம்பேறாமல் இருக்க. அது தேயும் என்பதும் தெரியும். தேய்ந்ததைக் கண்ணால் பார்த்து, பூசுகிறவர் தெருவுக்கு வரும்போது மறுபடி பூசிக்கொண்டார்கள். என்றும் அழியாது என்று அவர் சொன்னதில்லை; சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். நோக்கமும் ஆயுளும் தெரிந்த பூச்சு ஒரு கருவி. அவ்விரண்டும் தெரியாத பூச்சு வெறும் வசியம்.

'எல்லாரும் உலோகவியல் படித்துக்கொண்டா கத்தி வாங்க முடியும்?' என்பது இரண்டாவது மறுப்பு. முடியாது, வேண்டியதுமில்லை. யாப்பிலக்கணம் கற்காத வாசகரும் நல்ல விமர்சகரை அடையாளம் காண்கிறார். விமர்சகர் நூலுக்குள் போனாரா என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. கத்திக்கும் அதே பரிசோதனை செல்லும். எந்த எஃகு, எத்தனை கடினம் என்று சொன்னாரா? பூச்சு நான்கு வகையில் எது என்று பிரித்தாரா, அது முடியும் இடத்தைக் காட்டினாரா? எந்தக் கோணத்தில் தீட்டினார், எத்தனை மாதம் புழங்கினார், எதை நறுக்கினார், எப்படிக் கழுவி வைத்தார்? ஒரு குறையையாவது, அது யாருக்குக் குறை என்பதோடு சேர்த்துச் சொன்னாரா? பணம் யாருடையது? இவற்றில் பாதிக்கு விடையிருந்தால் அவர் சொல்வதைக் கேட்கலாம், அவர் முடிவு நமக்கு உவப்பில்லாததாக இருந்தாலும். ஒன்றுக்கும் விடையில்லாதபோது அவரைப் பின்தொடர்வோர் பத்து லட்சம் பேர் என்பது ஒரு தகுதியாகாது.

காட்சிக்கு வராத சாட்சிகளும் இருக்கிறார்கள். சாணை பிடிக்கிறவர், எந்தக் கத்தி எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இறைச்சிக் கடைக்காரர் ஒரு நாளில் வெட்டுவதை வீட்டுக் கத்தி ஒரு மாதத்தில் வெட்டாது. விடுதிச் சமையற்காரர்களுக்குக் கத்தியின் அழகை ரசிக்க நேரமில்லை. எதைக் கை தேடி எடுக்கிறதோ அதுவே அவர்கள் தீர்ப்பு. இவர்களிடம் சுட்டி இல்லை, பங்குத்தொகையும் இல்லை. இவர்களைக் கேட்டு எழுதும் மதிப்புரை ஒன்று வந்தால் அதுவே தமிழில் இத்துறையின் முதல் விமர்சனமாக இருக்கும் என்று நினைக்கிறோம்.

கத்திதானே, ஏமாந்தால் சில ஆயிரம் போகும் என்று இதை ஒதுக்க முடியாது. பார்த்ததற்கும் சோதித்ததற்கும் வேறுபாடு கேட்காமல் பழகிவிட்ட மனம், நாளை மருந்திலும் கேட்காது, தேர்தலிலும் கேட்காது, நூலிலும் கேட்காது. முதல் நாள் வெளியீட்டு விழாவில் 'காலத்தை வென்ற படைப்பு' என்று முழங்குவதும், பெட்டி பிரித்த அன்றே 'ஆயுள் முழுக்க உழைக்கும்' என்று சான்றளிப்பதும் ஒரே நோயின் இரு அறிகுறிகள். காலத்தைப் பற்றிய தீர்ப்பைக் காலம் கழிவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

ஆகவே வாசகர்களிடம் நாம் வைக்கும் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஆலைக்காரர் போட்ட கூர் போய், தாமே தீட்டி, அந்தக் கூரும் போகும்வரை புழங்கியபின் எழுதப்பட்டதை மட்டுமே கத்தி மதிப்புரை என்று ஏற்போம். முதல் சாணைக்கு முன்பு எழுதப்பட்ட எதையும், அது எவ்வளவு அழகாகப் படம்பிடிக்கப்பட்டிருந்தாலும், விளம்பரக் கணக்கிலேயே வைப்போம்.